லாரிக்கு ஒரு தேதி

பதினேழு வயதில் எங்களுக்கு
முதியோர் என்று பெயர்.
நேற்று மூன்றாம் ஆண்டு மொத்தமும் லாரியேறி
ஊரைச் சுற்றிக் கத்திவிட்டு,
கண்ணில் பட்டவர் மேலெல்லாம் மிட்டாயை வாரி இறைத்துவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டது, தேர்வுக்குப் படிக்க.
பள்ளியில் இனி எங்களைவிட மூத்தவர் இல்லை.
அதனால் இன்று நடனம்,
நூறு வருஷப் பழசான தோரணையில் கவுன்,
கவுனுக்கடியில் கம்பளிக் காலுறை.

கெமியார்வி. பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
ஓய்வாவின் கை என் இடுப்பில்
விறகுக் கட்டைபோலக் கிடந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணினான்.
எண்ணிக்கைக்கு நடுவே சொன்னான்:
"படிப்பு முடிஞ்ச ஜூலையில ராணுவ சேவை.
அதுக்கப்புறம் தெரியாது."
தெரியாது என்பதை
எவ்வளவு சுகமாகச் சொல்கிறான்!
என் காலை மிதித்துவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

இப்போது இரவு ஒன்பது.
கவுனைக் கழற்றவில்லை. முதுகில் நாற்பது கொக்கி.
சமையலறை மேஜையில் ஆலோசகர் ராய்லி கொடுத்த தாள்,
திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டியது.
எந்தத் தேர்வு இலையுதிர் காலத்தில், எது வசந்தத்தில்,
கணிதம் பெரியதா சிறியதா,
முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்,
அடியில் ஒரு கட்டம்: அதன் பிறகு.
தீப்பெட்டி அளவுதான்.
ஆயுளை எத்தனை மடிப்பு மடித்தால்
அதற்குள் போகும்?

ஆங்கிலம், இலையுதிர் என்று எழுதினேன்.
இயற்பியல், வசந்தம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
அதையும் கணிதத்தையும் ஒரே பருவத்தில் வைத்தால்
மண்டை வெடித்துவிடும் என்கிறாள் தூலிக்கி.
அவள் அக்காவுக்கு வெடித்ததாம்.
அக்கா இப்போது ஔலுவில் பல் மருத்துவம் படிக்கிறாள்.

அழிரப்பர் தூள் கவுன் மடியில்.
ஔலு முந்நூறு கிலோமீட்டர்.
ஹெல்சிங்கி ஓர் இரவு ரயில்.
ரொவனியெமி பக்கம்தான்,
ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வந்துவிடலாம்.
அழுக்குத் துணியை வைத்தா ஒருத்தி
பல்கலைக்கழகம் தேர்ந்தெடுப்பாள்?
அதற்குத் தாளில் கட்டமில்லை.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.
எல்லோரும் நான் போய்விடுவேன் என்றே பேசுகிறார்கள்,
மதிப்பெண்ணைப் பார்த்து.
போக ஆசையா என்று யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.
தெரியாது என்று எழுத
அந்தத் தீப்பெட்டியில் தாராளமாக இடம் இருக்கிறது.
கை வரவில்லை.

அம்மா வருகிறாள்.
டீசல் வாசனையும் குளிரும்
அவளுக்கு முன்னால் உள்ளே நுழைகின்றன.
நேற்று முப்பது பேரை ஏற்றிக்கொண்டு
நடக்கிற வேகத்தில் ஊர்ந்த லாரி அவளுடையது.
பக்கவாட்டில் இன்னும் ஓர் அட்டை தொங்குகிறது,
இயற்பியல் ஆசிரியரைக் கிண்டல் செய்து.
எழுத்துப் பிழையோடு.

மேஜையைப் பார்க்கிறாள்.
தாளைப் படிக்கவில்லை.
"அடுத்த வருஷம் உங்களுக்கும் நான்தானே ஓட்டணும்?
தேதியச் சொல்லு.
இப்பவே லீவு கேக்கலன்னா யோர்மா தரமாட்டான்."

தேதி எனக்குத் தெரியும்.
வரப்போகும் வருஷத்தில் தெரிந்தது அது ஒன்றுதான்.
ஏழாவது வாரம், வியாழன், காலை பத்து.

சுவரில் அடுத்த வருஷக் காலண்டர் ஏது?
கைக்குக் கிடைத்த தாளில் குறித்தாள்.
ஓரத்தில்தான் தொடங்கினாள்,
அவள் எழுத்து பெரிசு,
'லாரி' என்பது வழிந்து
அதன் பிறகு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.
பேனா.
அழிரப்பருக்கு வேலையில்லை.

"அம்மா, இது பள்ளிக்கூடத்துத் தாள்."
"அப்படியா," என்று சொல்லி
என்னைத் திருப்பி நிறுத்தினாள்.
பனிக்கட்டி விரல்கள் முதுகில் பட்டன.
சிரித்தேன், நெளிந்தேன்.
ஒரு கொக்கி. இன்னொன்று.
"அசையாதே," என்றாள்,
"இன்னும் இருபத்தொன்று இருக்கு."